காயமுற்ற வீரரும் கொல்லா அறமும்

கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட நாம், போர்க்களத்தில் காயமுற்றுத் திரும்பிய ஒருவருக்கு உதவுவது நம் விரதத்துக்கு ஒக்குமா? இவ்வினா பல ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கூடிய சிறு கூட்டமொன்றில் எழுந்தது. எழுப்பியவர் வயதாலும் நோன்பாலும் நமக்கு மூத்தவர். அன்று நாம் விடை கூறாது வாளாவிருந்தோம். அந்த மௌனம் இன்றும் நெஞ்சை உறுத்துவதால் இதனை எழுதத் துணிந்தோம்.

1999ஆம் ஆண்டு கார்கில் போரின்போது, நாம் பணியாற்றிய பள்ளியின் மாணவியர் நிதி திரட்டினர். ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாள் வசூலும் உண்டு. 1949ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நிகழ்ந்துவரும் வழக்கம் அது. உண்டியலை ஒப்படைத்தவுடன் கடன் தீர்ந்ததென்று எண்ணியிருந்தோம். சில ஆண்டுகள் கழித்துக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டோம். கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். படையில் இருந்த அவள் கணவர் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து வீடு திரும்பியிருந்தார். மருந்துப் பையுடன் நின்றவளிடம் பண உதவி வேண்டுமா என்று வினவினோம். “பென்ஷன் வருதுங்க டீச்சர். ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும், அவ்வளவுதான்” என்றாள்.

அச்சொல்லின் பொருளைப் பின்னரே உணர்ந்தோம். தண்டுவடம் சிதைந்தவர் தாமாகப் புரள இயலாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் தோன்றும். புண் சீழ்பிடித்தால் உயிருக்கே கேடு. கணவரைப் போர் ஒருநாள் தாக்கியது. மனைவியை அது ஒவ்வோர் இரவும் எழுப்புகின்றது. இவளுக்காகக் கூட்டத்தில் பேசியபோதுதான் முற்கூறிய வினா எழுந்தது.

அன்று கூறாத விடையை இன்று கூறுவோம். நம் ஆசாரியர்கள் இம்சையை நால்வகையாகப் பகுத்தனர்: சங்கற்ப இம்சை, ஆரம்ப இம்சை, உத்தியோக இம்சை, விரோதி இம்சை. இவற்றுள் கொல்லவேண்டுமென்றே கொல்லும் முதலாவதையே இல்லறத்தார் முற்றத் துறக்க வேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். நாட்டைக் காக்க எதிர்த்து நிற்பது நான்காம் வகையினது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரின் திருவுருவை எடுப்பித்த சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர் அல்லரோ?

ஆயினும் இவ்வாதத்தோடு நின்றுவிட நாம் விரும்பவில்லை. வீரர் செய்தது எவ்வகை இம்சை என்று அளந்த பின்னரே உதவுவோம் என்றால், நாம் மருந்து கொடுப்பவராக அன்றித் தீர்ப்பு வழங்குபவராக ஆகிவிடுவோம். நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் ஒன்று அருவருப்பின்மை. அதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயன மன்னரைச் சொல்வர். நோயுற்ற முனிவர் உண்ட உணவைக் கக்கியபோது மன்னரும் அரசியும் முகஞ்சுளிக்காது தம் கைகளாலேயே தூய்மை செய்தனர். சோதிக்க வந்த தேவன் அங்கே கண்டது அவர்தம் செல்வத்தை அன்று, கைகளையே.

காயமுற்றவரைப் பேணுவது போரைப் போற்றுவதாகாதோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது. போரின் விலையை மறைப்பவை ஊர்வலமும் முழக்கமுமே. அதனைக் கண்முன் காட்டுவது புண்பட்டவரின் படுக்கை. அப்படுக்கையருகே ஓர் இரவு விழித்திருந்தவர் போரை எளிதாகப் பேசமாட்டார்.

இனி, உதவும் முறை யாது? ஓய்வூதியமும் மருத்துவமும் அரசின் கடமை. 2003ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர்க்கெனப் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இயங்குகின்றது. ஆனால் அரசின் கை நீண்டதாயினும் ஒவ்வொரு கட்டிலருகும் எட்டாது. ஆகவே தொண்டு நிறுவனங்கள் உடன் நிற்கின்றன. புணேயை அடுத்த கிர்க்கியில் 1974ஆம் ஆண்டு தோன்றிய தண்டுவடப் புனர்வாழ்வு மையம் அரசு உதவியாலும் பொதுமக்கள் நன்கொடையாலும் நடைபெறுகின்றது. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ்ச் செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், 1972ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். அவர் பயணத்துக்குக் கைகொடுத்தது கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்ட் நடத்திய தொண்டு அமைப்பு.

நம்மவர் பெருமை கொள்ளத்தக்க சான்றும் உண்டு. ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலை 1968ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர்கள் இராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் ஆவர். அது ஏழைகளின் கால்களில் ஏறியது, டி. ஆர். மேத்தா 1975இல் நிறுவிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி அதனை விலையின்றி வழங்கியதால். சிற்பியின் கையும் மருத்துவரின் அறிவும் கொடையாளரின் பொருளும் தனித்தனியே நின்றிருந்தால் ஒருவரும் நடந்திருக்கமாட்டார். கூட்டுத் தொண்டில் யார் பெயர் முன்னே நிற்பது என்னும் மானத்தை விடுவதும் ஒரு துறவே.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. எனினும் வெள்ளிமலைப் பக்கத்து வீட்டிலிருந்து இயங்க முடியாத ஒருவரைக் கீழே கொண்டுவர வண்டியும் ஆளும் வேண்டும். விண்ணப்பம் நிரப்ப எழுத்தறிந்தவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்தில் சில இரவுகளேனும் மனைவிக்கோ தாய்க்கோ பதிலாக விழித்திருக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். திருநறுங்கொண்டைக்கு வழிபடச் செல்லும் நம் குடும்பங்கள், ஊருக்கு இருவரைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பி, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தோடும் அருகிலுள்ள தொண்டு அமைப்போடும் இணைந்தால் இது கைகூடும்.

அன்று பேருந்து நிலையத்தில் அம்மாணவியின் கையில் ஓர் உறையைத் திணித்து விடைபெற்றோம். அவள் கேட்டது பணமன்று. கேட்டதைக் கொடாது, நம்மிடம் எளிதாக இருந்ததைக் கொடுத்தோம். தானம் என்பது பெறுபவரின் தேவையால் அளக்கப்படுவது என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற நமக்குக் கற்பித்தவள் அவளே. இக்கட்டுரையைப் படிப்போருள் ஒரு குடும்பமேனும் அத்தகைய ஒருத்திக்கு ஓர் இரவு உறக்கம் தருமாயின், நம் பழைய மௌனத்துக்கு அதுவே கழுவாய்.