வீசப்படாத மஞ்சள் துணி

2019 ஜனவரி 20. நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். உள்ளூர் அணி செயின்ட்ஸும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸும் 20-20 என்று நிற்கிறார்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஜெயித்தால் சூப்பர் பௌல், தோற்றால் வீடு. செயின்ட்ஸின் ட்ரூ பிரீஸ் ஓரக்கோட்டுப் பக்கம் ஓடும் டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்தை எறிகிறார். பந்து இன்னும் காற்றில்தான் இருக்கிறது. ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாய்ந்து வந்து லூயிஸை இடித்துச் சாய்க்கிறார். பந்து யாருக்கும் இல்லாமல் தரையில் விழுகிறது.

அமெரிக்கக் கால்பந்தில் நடுவர்கள் தவறைக் கண்டால் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் தரையில் வீசுவார்கள். பிடிக்கப் போகிறவனைப் பந்து வந்து சேரும் முன்பே இடித்தால் அது ‘பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்’. தவறு நடந்த இடத்திலேயே பந்து, கூடவே புதிதாக நான்கு முயற்சிகள். விளையாட்டே தெரியாத ஒருத்தரிடம் இந்த வீடியோவைக் காட்டினாலும் “என்னங்க, இப்படி இடிக்கிறான்?” என்றுதான் கேட்பார். அன்று துணி விழவில்லை. சில அடி தூரத்தில் நின்ற நடுவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயின்ட்ஸ் ஃபீல்டு கோல் அடித்து 23-20 ஆனது. ஆனால் கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்தது. அந்தப் பெனால்டி கிடைத்திருந்தால் கிட்டத்தட்ட கடைசி நொடிவரை நேரத்தைக் கரைத்துவிட்டு அதே ஃபீல்டு கோலை அடித்து ஆட்டத்தை முடித்திருப்பார்கள். கிடைக்காததால் ராம்ஸ் திரும்பி வந்து சமன் செய்தது. ஓவர்டைமில் பிரீஸ் எறிந்த பந்து ராம்ஸ் கையில் சிக்கியது. 57 யார்டு தொலைவிலிருந்து கிரெக் ஸூர்லைன் உதைத்தார். 26-23. முடிஞ்சது.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது அந்த இடி அல்ல, அதற்குப் பின்னால் வரிசையாக வந்த ஒப்புதல்கள். ஆட்டம் முடிந்து சில நிமிடங்களில் ரோபி-கோல்மனே சொல்லிவிட்டார்: பந்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன், இடித்தேன் என்று. லீகின் தலைமை அலுவலகம் தொலைபேசியில் தவறை ஒப்புக்கொண்டதாகச் செயின்ட்ஸின் கோச் ஷான் பேட்டன் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தலையால் மோதியதற்காக ரோபி-கோல்மனுக்கு 26,739 டாலர் அபராதம் விழுந்தது. பத்து நாள் கழித்து லீகின் கமிஷனர் ராஜர் குடெல் பகிரங்கமாகவே, அது தவறு என அறிவிக்கப்பட்டிருக்க வேண்டியது என்றார். இடித்தவர், கோச், லீக் தலைமை, கோடிக்கணக்கான பார்வையாளர்கள், எல்லோருக்கும் ஒரே கருத்து. இத்தனை ஒருமித்த உண்மையால் ஸ்கோர்போர்டில் ஒரு எண்ணைக்கூட அசைக்க முடியவில்லை. எல்லோரும் அறிந்த பிறகும் எதையும் மாற்றாத உண்மைக்கு என்னதான் மதிப்பு?

“அதுக்கப்புறமும் வாய்ப்பு இருந்துச்சே, ஓவர்டைமில் முதல் பந்து அவங்களுக்குத்தானே?” என்பது வழக்கமான பதில். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பர்ஸைத் திருடக் கொடுத்தவனிடம் “மறுபடி சம்பாதிக்க உனக்குக் கை கால் இருந்ததே” என்று சொல்வது மாதிரி. சம்பாதித்திருக்கலாம்தான். அதனால் திருட்டு திருட்டில்லை என்று ஆகிவிடுமா?

இன்னொரு எதிர்வாதம் இருக்கிறது, அதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. அதே நான்காவது குவார்ட்டரில், கோல் எல்லைக்கு அருகே, ராம்ஸின் ஜாரெட் காஃபின் முகக்கவசக் கம்பியைச் செயின்ட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் பிடித்து இழுத்தார். அதுவும் பெனால்டிதான். அதற்கும் துணி விழவில்லை. டச்டவுனுக்குப் போயிருக்கக்கூடிய ராம்ஸ் ஒரு ஃபீல்டு கோலோடு திருப்திப்பட்டது. அதனால்தான் ஸ்கோரே 20-20 ஆனது. இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நானும் பத்துத் தடவையாவது அந்த இடியின் ரீப்ளேயைப் பார்த்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். நம் அறச்சீற்றத்துக்குக் கேமரா கோணம் தேவைப்படுகிறது. அழகாகப் படமான அநீதி, அநீதி. சுமாராகப் படமானது ‘ஆட்டத்தில் சகஜம்’.

ஹெச்.எல்.ஏ. ஹார்ட் என்ற சட்டத் தத்துவவாதி 1961-ல் வெளியான ‘தி கான்செப்ட் ஆஃப் லா’ நூலில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். ஸ்கோர் எழுதுபவரின் தீர்ப்பு இறுதியானது, ஆனால் அதனாலேயே அது சரியானது ஆகிவிடாது என்பது அவர் வாதம். இறுதி வேறு, பிழையின்மை வேறு. ‘நடுவர் என்ன சொல்கிறாரோ அதுதான் விதி’ என்றால் அது வேறொரு விளையாட்டாகிவிடும். அதில் நடுவர் தப்புப் பண்ணினார் என்றுகூடச் சொல்ல முடியாது. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் கோபப்பட்டதே, விதி நடுவருக்கு மேலே இருக்கிறது என்று அவர்கள் நம்பியதால்தான். சூப்பர் பௌலுக்கு மறுநாள் உள்ளூர் நாளிதழ் முதல் பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாக விட்டு அச்சடித்தது. சிலர் வழக்குக்கூடப் போட்டார்கள். லூயிசியானா உச்ச நீதிமன்றம்வரை போய் அந்த வழக்கு தள்ளுபடியானது. ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

லீகும் சும்மா இருக்கவில்லை. அடுத்த மார்ச்சில் 32 அணிகளில் 31 ஆதரித்து, பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும், வீசப்படாத துணியையும்கூட, ரீப்ளேயில் பரிசோதிக்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு சீசன்தான். எந்த இடியை இடி என்பது, எந்தத் தள்ளலைத் தள்ளல் என்பது என்று பிடிபடாமல் எல்லோரும் எரிச்சலாகி, அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டார்கள். அந்த ஒரே சீசனின் முடிவில், 2020 ஜனவரி 5 அன்று, அதே சூப்பர்டோமில், அதே செயின்ட்ஸ், மறுபடி ஓவர்டைம். மின்னசோட்டா வைக்கிங்ஸின் கைல் ரூடால்ஃப் தன்னைக் காவல் காத்தவரைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டுப் பந்தைப் பிடித்தார். டச்டவுன். பார்த்தார்கள், மாற்றவில்லை. 26-20. கதையில் இப்படி எழுதினால் ‘ஓவரா இருக்கு’ என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

நடுவரைத் திட்டுவதில் எனக்கு இப்போது பெரிய ஆர்வமில்லை. கண் சிமிட்டும் நேரத்தில் முடிவெடுப்பவர், பாவம், மனுஷன். நாம் கேள்வியே கேட்காத ஆள் இன்னொருவர்: தவறால் லாபம் அடைந்தவர்.

1940 நவம்பர் 16-ல் கார்னெல், டார்ட்மத் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகள் மோதின. கடைசி நொடிகளில் நடுவர் எண்ணிக்கையில் கோட்டைவிட்டு கார்னெலுக்கு நான்குக்குப் பதில் ஐந்தாவது முயற்சியைக் கொடுத்துவிட்டார். அந்த ஐந்தாவதில் டச்டவுன், 7-3. பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். பல ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் வந்த கார்னெல், வெற்றி உங்களுடையது என்று டார்ட்மத்துக்குத் தந்தி அடித்தது. இன்றும் பதிவேட்டில் டார்ட்மத் 3, கார்னெல் 0. ஐம்பது ஆண்டு கழித்து, 1990-ல், கொலராடோ அணிக்கு மிசூரியிடம் அச்சு அசலாக அதே ஐந்தாவது முயற்சி கிடைத்தது. 33-31 என்று ஜெயித்தார்கள். திருப்பித் தர மறுத்தார்கள். அந்த ஆண்டு தேசிய சாம்பியன் பட்டத்தையும் பகிர்ந்துகொண்டார்கள்.

ராம்ஸ் கார்னெலைப் போல் செய்திருக்க வேண்டுமா? நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. ஐந்தாவது முயற்சியை அழித்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். துணி விழுந்திருந்தால் செயின்ட்ஸ் ஜெயித்திருக்கும் என்பது கணக்கல்ல, ஊகம். மிக நல்ல ஊகம், ஆனாலும் ஊகம்தான். தவிர, இது மாணவர் ஆட்டமல்ல, பல நூறு கோடி டாலர் தொழில். இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘திருப்பித் தர வழியில்லை’ என்பதும் ‘எனக்குக் கடன் ஒன்றும் இல்லை’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். முதலாவதைச் சொல்லிக்கொண்டே நாம் சத்தமில்லாமல் இரண்டாவதற்கு நழுவிவிடுகிறோம்.

நாம் என்று பொதுவாகச் சொல்வானேன்? பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் மார்க் குறைந்துவிட்டது என்று சண்டைக்கோழியாய் விடைத்தாள் நகல் வாங்கினேன். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 4 மார்க் அதிகமாகப் போட்டிருந்தார்கள். மறுபடி கூட்டினேன். மறுபடியும் 4. மறுகூட்டல் படிவத்தை நிரப்பவில்லை. கட்-ஆஃபில் மயிரிழையில் சீட் கிடைத்தது. நான் யாரையும் இடிக்கவில்லை, கூட்டியது நான் இல்லை, தீர்ப்பு இறுதியானது, எல்லாம் சரி. எனக்கு அடுத்த ரேங்க்கில் ஒருத்தர் இருந்திருப்பார். பேர் தெரியாது. பையனா பெண்ணா என்றும் தெரியாது. பந்து தன்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அவருக்கு ரீப்ளே கிடையாது.

ரோபி-கோல்மனை அன்று இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. ஜெயித்த உடனே, வியர்வைகூடக் காயாத நேரத்தில், மைக் முன்னால் நின்று ஆமாம் இடித்தேன் என்று சொன்னார். அதைச் சொன்னதால் வெற்றி பறிபோகாது என்று தெரிந்துதான் சொன்னார், அதனால் அது மலிவான உண்மை என்று நண்பன் ஒருவன் வாதாடினான். இருக்கலாம். எனக்கும் அதே அளவு மலிவாகத்தான் கிடைத்தது, சீட் கிடைத்துப் பல வருஷம் ஆன பிறகும். இந்தக் கட்டுரைக்கு முன்பு அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நகல் அம்மாவின் பீரோவில், ரேஷன் கார்டுக்குக் கீழே, இன்னும் மடித்தபடியே இருக்கிறது.