தோற்கிற அணியைக் கைவிடாதீர்கள்

பாலவனத்தத்தில் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் கல்லூரிக்குப் போகிற தம்பிகளே, உங்களில் கால்பந்து ஆடுகிறவர்கள் இந்தப் பருவம் முழுக்கத் தோற்றுவிட்டு வந்திருந்தால், உங்களிடம்தான் பேசுகிறேன். தோற்றது பற்றி எனக்குக் கவலை இல்லை. அதற்கடுத்த வாரம் பயிற்சிக்கு ஏழு பேர்தான் வருகிறார்களே, அதுதான் என் கவலை.

தோல்வி தொடர்ந்தால் முதலில் ஆள் குறையும். அடுத்து, பழி போட ஒருவனைத் தேடுவார்கள். பெரும்பாலும் கோல்கீப்பர்தான் அகப்படுவான். பந்து அவனிடம் வருவதற்குள் பத்துப் பேரைத் தாண்டி வந்திருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தைப் போட்டுக் கேலி செய்வதை இன்றே நிறுத்துங்கள். பத்தொன்பது வயதுப் பையன் அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கொள்கிறான்.

இன்னொரு அசிங்கமும் உண்டு. எப்படியாவது ஒரு ஆட்டத்தில் ஜெயிக்கவேண்டும் என்று, கல்லூரியில் படிக்காத ஒருவனை வேறொருவன் பெயரில் இறக்குவது. அப்படி வரும் கோப்பை திருட்டுப் பொருள். ரெஃப்ரியை நெருக்கித் தள்ளுவதும் இதே ரகம்தான்.

சென்னையின் எஃப்.சி.யைப் பாருங்கள். 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். சாம்பியன். அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 13 தோல்வி, வெறும் 9 புள்ளி, கடைசி இடம். அதற்கடுத்த பருவமும் மோசமாகத்தான் தொடங்கியது. பாதியில் பயிற்சியாளர் மாறினார், ஓவன் காயில் வந்தார். அதே அணி 2020 மார்ச்சில் இறுதிப்போட்டியில் நின்றது. அங்கும் ஏடிகே-யிடம் 3-1 தோல்விதான். ஆனாலும் கடைசி இடத்திலிருந்து இறுதிப்போட்டிவரை வந்தார்களே! அவ்வளவு தூரம் போவானேன், நம் காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து வளர்ந்த சேது எஃப்.சி. பெண்கள் 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றவர்கள். 2022இல் கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று தோற்றுக் கோப்பையை விட்டார்கள். அதற்காக அணியைக் கலைத்துவிடவில்லை.

போன வருஷம் மழை பொய்த்ததென்று இந்த வருஷம் கரிசலை உழாமல் போடுகிற சம்சாரி நம் ஊரில் உண்டா?

பெற்றோரே, ஆசிரியர்களே, ஜெயித்தால் மாலை போடுவதைவிடத் தோற்கும்போது கூட இருப்பதுதான் பெரிய உதவி. பயிற்சி முடிந்து கிளம்பும் பையனுக்கு ஊர் திரும்பக் கடைசி டவுன் பஸ் கிடைக்கிறதா, காலையில் சாப்பிட்டதற்குப் பிறகு வயிற்றுக்கு ஏதாவது போயிருக்கிறதா என்று கேளுங்கள். அவித்த முட்டையும் சுண்டலும் கொடுக்கக் கல்லூரிக்கு வசதி இல்லாமல் போகாது. அடுத்த பருவத்துக்கான பயிற்சியை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் பாதிப் பேர் பந்தையே மறந்துவிடுவார்கள்.

தம்பிகளே, நாளைச் சாயங்காலம் எல்லோரும் மைதானத்துக்குப் போங்கள். போகிற வழியில் அந்தக் கோல்கீப்பரின் வீட்டுக்குப் போய் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.