தள்ளிப்போட்ட பணியும் தெளிந்த மனமும்

மழைதோறும் ஒழுகும் கூரை, காரை பெயர்ந்த பூஜையறைச் சுவர், சரியாக மூடாத கதவு: இவற்றுள் ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லியே ஆண்டுகள் கழிகின்றன. ஒருநாள் கொத்தனார் வருகிறார். இரண்டே நாளில் வேலை முடிகிறது. அன்று மாலை அங்கே விளக்கேற்றும் குடும்பத்தலைவியின் உள்ளத்தில் பெரும் நிறைவு. சீரானது சுவர்தானே, மனம் ஏன் மலர வேண்டும்?

தமோகுணத்தில் அழுந்தியவனின் இயல்புகளை பகவத்கீதையின் 18-ஆம் அத்தியாயம் பட்டியலிடுகிறது. மனம் சோர்ந்திருப்பவன் என்றதை அடுத்தே, செயலை நீட்டித்துக்கொண்டே போகிறவன் என்கிறது. இவ்விரண்டும் அருகருகே நிற்பது கவனிக்கத்தக்கது. சோர்வால் பணி தள்ளிப்போகிறது. தள்ளிப்போன பணி கண்ணில் படும்போதெல்லாம் சோர்வை வளர்க்கிறது. நாளடைவில், ‘இந்த வீடு இப்படித்தான்’ என்பது ‘நான் இப்படித்தான்’ என்றாகிவிடுகிறது. அதுவே உண்மையான அபாயம்.

இந்தச் சங்கிலியை அறுக்கும் கருவி தூய்மை. அதன் பயன்களுள் ஒன்றாக ‘சௌமனஸ்யம்’ என்னும் மனமலர்ச்சியைக் கூறும் பதஞ்சலி முனிவர், மன ஒருமைப்பாட்டை அதற்கு அடுத்து வைக்கிறார்.

ஸ்ரீசைதன்யர் (1486-1533) புரியில் இதை வாழ்ந்து காட்டினார். ஆண்டில் சில நாட்கள் மட்டுமே ஜகந்நாதர் தங்கும் குண்டிசா ஆலயத்தை, ரதயாத்திரைக்கு முன்னர் அவரே அடியார்களுடன் பெருக்கினார். திரட்டிய குப்பையைத் தமது ஆடையிலேயே சுமந்து வெளியேற்றினார். அவரவர் குவியலை ஒப்பிட்டபோது அவருடையதே பெரிதாக இருந்தது. அத்துடன் நிற்காமல், எஞ்சிய நுண்தூசி போக இரண்டாம் முறையும் பெருக்கச் செய்தார். பின்னர் குடம்குடமாக நீர் ஊற்றிக் கழுவினர். தூய்மையும் குளிர்ச்சியும் பெற்ற ஆலயம் அவரது இதயமே வெளியே வந்து நின்றதுபோல் விளங்கியதாக ‘சைதன்ய சரிதாம்ருதம்’ வர்ணிக்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. மகிழ்ச்சி சுண்ணாம்பிலும் வண்ணத்திலும் இல்லை. அங்கே அதைத் தேடுபவர் அடுத்த ஆண்டு வேறு வண்ணத்தை நாடுவார். தடையொன்று நீங்கியதால் மனத்தின் இயல்பான தெளிவே வெளிப்பட்டது. சுவரைச் சீர்செய்யும் துணிவு பெற்ற கைகளுக்கு, நெடுநாளாகத் தள்ளிப்போட்ட ஜபமும், பிணங்கிய சகோதரனுக்கு எழுத வேண்டிய கடிதமும் இனி எட்டாதவை அல்ல. முதல் முறை பெருக்கியாயிற்று; நுண்தூசி இன்னும் இருக்கிறது.