பரண் மேல் கிடக்கும் அமானிதம்

ரமலான் பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது நம் முஸ்லிம் இல்லங்களில் ஓர் அமளியைக் காண்கிறோம். மூலைமுடுக்கெல்லாம் ஒட்டடை அடிக்கப்படுகிறது. பாய்களும் தலையணைகளும் மொட்டை மாடியில் வெயில் காய்கின்றன. பித்தளைப் பாத்திரங்கள் புளி போட்டுத் துலக்கப்படுகின்றன. "இனி இந்த வீடு இப்படியேதான் இருக்க வேண்டும்" என்று வீட்டிலுள்ள எல்லோரும் ஒருமனதாக உறுதி செய்துகொள்கிறார்கள். ஷவ்வால் பிறை தெரிகிறது, பெருநாளும் கழிகிறது. துல்கஃதா முடிவதற்குள் அதே பரண், அதே மூட்டை, அதே குவியல்!

இந்த உறுதி ஏன் நிலைப்பதில்லை? இது வெறும் சோம்பலா, அல்லது நம் ஈமானோடும் அமலோடும் சம்பந்தப்பட்ட ஒரு குறையா? துப்புரவு ஈமானின் பாதி என்னும் நபிமொழியை மக்தபில் ஓதும் பிள்ளையும் ஒப்பிக்கும். அறிவில் குறைவில்லை. அறிந்ததில் நிலைத்து நிற்பதில்தான் குறை இருக்கிறது. இதைப் பற்றி எழுத நமக்குத் தகுதி உண்டா என்று யோசித்தோம். நம் வீட்டில் நேர்ந்ததைச் சொன்னால் அதுவே சிலருக்குப் படிப்பினையாகலாம் என்ற எண்ணத்தில் எழுதத் துணிகிறோம்.

கள்ளக்குறிச்சியில் ஓதிக்கொடுத்து வருகிறோம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலைத்தொடர் தெரியும். கரும்பு வெட்டுக்காக மலையிலிருந்து கூலிக் குடும்பங்கள் கீழே இறங்கி வருவதுண்டு. அப்படி வந்த ஓர் அம்மாள் ஒரு மார்கழி மாதத்தில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பாயம்மா, பழைய கம்பளி ஏதும் இருந்தாக் குடுங்க. மேலே பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்கு. குளிரு தாங்கலை" என்றார்.

நம் வீட்டாருக்குக் கொடுக்க மனமில்லாமல் இல்லை. கம்பளி இருப்பதும் தெரியும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. பரணை அண்ணாந்து பார்த்தோம். மூட்டைக்கு மேல் மூட்டை, அதற்கு மேல் அட்டைப் பெட்டி, அதற்கும் மேல் உடைந்த மின்விசிறி. "எங்கேயோ இருக்கும்மா. எடுத்து வைக்கிறோம், பிறகு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த "பிறகு" வரவே இல்லை. அவர் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை வரவில்லை.

ஏறக்குறைய ஒரு மாதம் சென்று, ஷஃபானில் வழக்கமான துப்புரவுக்காகப் பரணைக் கலைத்தபோது ஒரு கோணிக்குள் நான்கு கம்பளிகள் கிடைத்தன. விருந்தாளி வந்தால் வேண்டுமே என்று கட்டி வைத்தவை. இரண்டை எலி கடித்துக் கூடு கட்டியிருந்தது. நம் வீட்டார் ஒரு வார்த்தையும் பேசாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நமக்கு அன்று லுஹர் தொழுகையில் மனம் நிலைகொள்ளவில்லை. பச்சிளங்குழந்தைக்குச் சேர வேண்டியதை எலிக்குக் கொடுத்திருக்கிறோமே! நாம் கஞ்சர்கள் அல்லர், கேட்டால் கொடுப்பவர்கள்தாம். ஆனால் கொடுக்க முடியாதபடி நம் பொருளை நாமே புதைத்து வைத்திருந்தோம். கொடுக்க மறுத்தவனும், கொடுக்க வேண்டியதைத் தேடி எடுக்க முடியாதவனும் கேட்டவரின் கண்ணுக்கு ஒன்றுதானே?

எஞ்சிய இரண்டு கம்பளிகளையும் எடுத்துக்கொண்டு, அந்த அம்மாளின் ஊரை விசாரித்து அறிந்து, கச்சிராயப்பாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைப் பக்கம் போனோம். அவர் நம்மைக் கண்டதும் திகைத்துப்போனார். "இப்ப வெயில் வந்துடுச்சுங்க பாய். பரவாயில்லை, அடுத்த வருசக் குளிருக்கு ஆவும்" என்று வாங்கிக்கொண்டார். உள்ளே ஒரே கொடி, அதில் துணிகள். மூலையில் தானியப் பானை, அரிவாள், இரண்டு பாய்கள். கொடியில் ஓர் இடம் ஒதுக்கிக் கம்பளிகளை மடித்துப் போட்டார். அடுத்த மார்கழியில் இருட்டில் கை நீட்டினாலும் அவருக்கு அவை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு நாம் போய்விடக் கூடாது. அந்த வீட்டில் சாமான் குறைவாக இருந்ததைக் கண்டு, "ஆஹா, என்ன எளிமை! இதுவல்லவா ஜுஹ்து!" என்று நம் மனம் ஒரு கணம் மெச்சியது. உடனே வெட்கப்பட்டோம். தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் பிடியில் இருந்து, 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்த மலை அது. அங்கே பொருள் இல்லாதது வறுமையே தவிர, பற்றற்ற தன்மை அல்ல. இருந்தும் பற்று வைக்காதிருப்பதே ஜுஹ்து என்று பெரியோர்கள் விளக்கியுள்ளார்கள். ஆகவே, அந்தச் சோதனை வறியவருக்கு உரியதல்ல. பரண் நிறைய வைத்திருக்கும் நமக்கே உரியது.

மலையிலிருந்து திரும்பியதும் நமக்கு ஒரு வேகம் பிறந்தது. மறுநாளே பரணில் ஏறினோம். அஸருக்குள் எல்லாவற்றையும் வாரிக் கீழே போட்டோம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோம். பழைய சாமான் வாங்குபவரிடம் எடை போட வேண்டியதைப் போட்டோம். வீடு விசாலமாயிற்று. நம் வீட்டாரின் முகம் மட்டும் விசாலமாகவில்லை. "எங்கம்மா குடுத்த பித்தளைச் சொம்பும் போயிடுச்சா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்கள். மாமி மவுத்தாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. பழைய சாமான்காரரைத் தேடி ஓடினோம். சொம்பு அதற்குள் கைமாறியிருந்தது.

ஃபிக்ஹு ஓதிய நாம் அன்று தலைகுனிந்தோம். மனைவிக்கு அவள் தாய்வீடு கொடுத்தது அவளுடைய சொத்து. அவள் அனுமதியின்றி அதைக் கணவன் விற்கவும் முடியாது, தர்மம் செய்யவும் முடியாது. பிறர் பொருளைக் கொடுத்து நாம் நன்மை தேடிக்கொள்ள முடியுமா? நம் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்தார்கள். ஆனாலும் சொம்பு திரும்பவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. நான்கே மாதத்தில் பரண் மறுபடியும் பாதி நிறைந்துவிட்டது! வெட்கமும் அழுகையும் சேர்ந்து தந்த வேகம் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஏன்? நஃப்ஸுக்குப் பெரிய காரியம் பிடிக்கும். ஒரே நாளில் பரணைக் காலி செய்வதில் ஒரு வெற்றியும், நாலு பேர் மெச்சும் ஓர் இன்பமும் இருக்கின்றன. தினமும் ஒரு பொருளை அதனதன் இடத்தில் வைப்பதில் யாருடைய மெச்சலும் இல்லை. ஆகவே நஃப்ஸ் முதலாவதை விரும்பி, இரண்டாவதை அற்பமென்று தள்ளுகிறது. அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமான அமல் எதுவென்றால், குறைவாயினும் இடைவிடாது நிலைத்துச் செய்யப்படுவதே என்னும் கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். வணக்கத்தைப் பற்றிய இந்த விதி வீட்டு வேலைக்கும் பொருந்தாதா? நபியவர்களே வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதும் அதே அன்னையார் சொன்ன செய்திதானே!

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் (வஃபாத்து ஹிஜ்ரீ 505, கி.பி. 1111) இஹ்யாவில் இதற்கு ஓர் உவமை கூறியுள்ளார்கள். சொட்டுச் சொட்டாக ஓயாமல் விழும் நீர், பாறையாயினும் அதில் குழி உண்டாக்கிவிடும். அத்தனை நீரையும் ஒரே தடவையில் கொட்டினால் ஒரு சுவடும் இராது என்பது அதன் கருத்து. மத்ரஸாவில் இதை ஓதினோம். கல்வராயன் மலையில் பெரியார் அருவியருகே வழவழவென்று தேய்ந்து கிடக்கும் பாறைகளைத் தடவிப் பார்த்தபோதுதான் இது மனதில் பதிந்தது.

மற்றொரு காரணம், "நாளைக்கு வேண்டுமே" என்னும் அச்சம். இது வறுமையைக் காட்டிப் பயமுறுத்தும் ஷைத்தானின் பழைய தந்திரம். ஆண்டவன் இன்றுவரை நமக்குத் தேவையானதைத் தராமல் விட்டானா? அப்படியிருக்க, நாளை தரமாட்டானென்று எண்ணியா உடைந்த மின்விசிறியைக் காத்து வைக்கிறோம்? ஓர் இல்லத்தில் கணவனுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு மூன்றாவது, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் முஸ்லிம் ஷரீஃபில் ஒரு ஹதீஸ் உண்டு. விருந்தாளிக்கென்று வைப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. தேவைக்கு மேல் பெருமைக்காகவும் வீணாகவும் சேர்ப்பதையே அது கண்டிக்கிறது. நம் கோணியில் இருந்த நான்கு கம்பளிகளை இந்த ஹதீஸோடு வைத்து எண்ணிப் பாருங்கள்!

பரணில் கிடப்பதைச் சட்டமும் கண்டுகொள்ளாமல் விடவில்லை. ஹனஃபீ மத்ஹபில், வீட்டு உபயோகச் சாமான்களுக்கு ஜகாத் இல்லை. ஆனால் ஸதகத்துல் ஃபித்ரும் குர்பானியும் வாஜிபாவதற்கு, தேவைக்கு மிஞ்சிக் கிடக்கும் சாமான்களின் மதிப்பும் கணக்கில் சேரும். கடன் போக, 200 திர்ஹம், அதாவது ஏறக்குறைய 612 கிராம் வெள்ளியின் பெறுமானத்தை எட்டினால் அவர் மீது அவை வாஜிபாகும். அவர் ஜகாத் வாங்குவதும் ஆகாது. "நம்மிடம் என்ன இருக்கிறது?" என்பவர்கள் ஒருமுறை பரணில் ஏறிக் கணக்குப் பார்க்கட்டும். (ஷாஃபிஈ மத்ஹபில் இதன் சட்டம் வேறு. தத்தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.)

சரி, இதற்கு வழி என்ன? நம் இல்லத்தில் இருவரும் உட்கார்ந்து பேசிச் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம்.

முதலாவது, புதிதாக ஒரு நேரத்தைத் தேடவில்லை. மனம் வரும்போது செய்வோம் என்று காத்திருந்தால் மனம் வராது. அல்லாஹ் நமக்கு ஐந்து வக்துகளை ஏற்கெனவே கட்டித் தந்திருக்கிறான். அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரே ஓர் இடம்: ஓர் அலமாரித் தட்டு, அல்லது ஒரு பெட்டி, அல்லது மருந்து டப்பா. கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. இன்னும் செய்யலாம் என்று ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுகிறோம். பள்ளியின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் தொழுது சோர்ந்தால் பிடித்துக்கொள்ளக் கட்டியது என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழட்டும், சோர்ந்தால் உட்காரட்டும் என்ற கருத்தில் அருளினார்கள். தொழுகையிலேயே இந்த இரக்கம் என்றால், அலமாரி துடைப்பதில் நம்மை நாமே வதைத்துக்கொள்வானேன்?

இரண்டாவது, ஜும்ஆ. வெள்ளிதோறும் குளிக்கிறோம், நகம் களைகிறோம். அதோடு வீட்டையும் சேர்த்துக்கொண்டோம். கொல்லையிலுள்ள தொட்டி, பழைய டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுகிறோம். 2017-ல் தமிழகத்தில் டெங்கு காய்ச்சல் கடுமையாகப் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் பிடிக்கும். அதன் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். வாரம் ஒருமுறை தவறாமல் செய்தால் கொசு வளர்ந்து பறக்கும் முன் அறுந்துபோகும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வீட்டையே புரட்டிக் கழுவினாலும், மற்ற ஐம்பத்தோரு வாரமும் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கும். நிலைத்த சிறுமைக்கும் நிலையாத பெருமைக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெளிவாகவில்லையா?

மூன்றாவது, அவரவர் பொருளை அவரவரே முடிவு செய்வது. நம் வீட்டாரின் பெட்டியை நாம் தொடுவதில்லை. நம் கிதாபுகளை அவர்கள் தொடுவதில்லை. அவர்கள் தம் தாயாரின் நினைவாக ஒரு தாம்பாளத்தை வைத்திருக்கிறார்கள். அது குவியல் அல்ல. பிரியத்தோடு பேணப்படும் பொருளுக்கும், மறந்துபோய்க் கிடக்கும் பொருளுக்கும் வேற்றுமை உண்டு. மறந்துபோனதில்தான் பிறர் பங்கு ஒளிந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

நான்காவது, நல்லதாக இருக்கும்போதே கொடுப்பது. தனக்குக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே வாங்கக்கூடிய மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்தில் சூரத்துல் பகராவின் 267-ஆம் ஆயத்து எச்சரிக்கிறது. கிழிந்ததையும் எலி கடித்ததையும் ஏழைக்குத் தள்ளிவிட்டு "துப்புரவு செய்தோம், தர்மமும் செய்தோம்" என்று திருப்தி கொள்வது எத்தகைய ஏமாற்று!

இந்த ஏற்பாடுகள் தவறாமல் நடக்கின்றன என்று பெருமை கொள்ள மாட்டோம். பயணத்தினாலும் நோயினாலும் விட்டுப்போன நாட்கள் உண்டு. விட்டுப்போனால், "எல்லாம் போயிற்று, அடுத்த ரமலானில் பார்ப்போம்" என்று சொல்லுவதை மட்டும் நிறுத்திவிட்டோம். ஒரு வக்து களாவானால் அடுத்த ரமலானில் பார்ப்போம் என்றா இருந்துவிடுகிறோம்? நினைவு வந்ததும் எழுந்து தொழுகிறோம் அல்லவா?

இவ்வருடமும் மார்கழி வரும். மலையில் குளிரும். நம் வாசலில் யாராவது வந்து கேட்கக்கூடும். அவரை நிற்க வைத்துவிட்டுப் பரணை அண்ணாந்து பார்க்காமல், நேரே போய்க் கை நீட்டி எடுத்துக் கொடுக்கும் நிலையில் நம் வீடு இருக்க வேண்டும். இதற்கு மேல் துப்புரவுக்கு வேறு நிய்யத் நமக்குத் தோன்றவில்லை.

வல்ல நாயன் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் தூய்மைப்படுத்தி, சிறிய அமல்களில் நிலைத்து நிற்கும் இஸ்திகாமத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.