முடிவு தெரியாத நாட்களின் எழுத்து

"எனக்கு அப்போதே தெரியும்" என்று ஒருமுறையாவது சொல்லாதவர் இருக்க மாட்டார். வியாபாரம் நொடித்த பிறகு, சம்பந்தம் முறிந்த பிறகு, தேர்தல் முடிவு வந்த பிறகு எல்லோருக்கும் அப்போதே தெரிந்திருக்கிறது. இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது, சொல்பவர் மனதார நம்பித்தான் சொல்கிறார். நினைவின் இயல்பு அப்படி. நடந்து முடிந்ததை வைத்துக்கொண்டு அது பின்னோக்கிப் போய், அன்றைய குழப்பத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்துவிடுகிறது. இதில் பெரிய நஷ்டம் இருக்கிறது. அன்று நமக்கு எவ்வளவு தெரியாமல் இருந்தது என்பதை மறந்துவிட்டால், நம்மை நாமே நியாயமாக எடைபோட முடியாது. நம் பெற்றோர் எடுத்த முடிவுகளையும் அவர்களுக்குத் தெரிந்திராத ஒன்றை வைத்தே குற்றம் சாட்டுவோம். இதற்கு ஒரே மருந்துதான் எனக்குத் தெரிகிறது: முடிவு தெரியாத நிலையில், அன்றன்றைக்கு எழுதி வைக்கும் சிறு குறிப்பு. அதற்கான மிகச் சிறந்த சான்று நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்து, பிரெஞ்சுக் கும்பினியின் வியாபாரத்தில் வளர்ந்து, 1747-இல் கவர்னர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும், ஆனார். 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரியில் இறக்கும் வரை, இடையிடையே விட்டுப்போன காலம் தவிர, தமிழில் குறிப்பு எழுதினார். தமிழ் வருஷமும் மாதமும் ஒரு பக்கம், ஐரோப்பியத் தேதி மறு பக்கம். அதற்குக் கீழே அன்று கவர்னர் மாளிகையில் நடந்தது எல்லாம் வரும்: எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, நவாபிடமிருந்து வந்த பாரசீகக் கடிதத்துக்கு என்ன பதில் போனது, துணி வியாபாரிகள் எதற்கு முறையிட்டார்கள், யார் யாருக்கு எவ்வளவு நஜர் கொடுத்தார்கள், துரை இன்று சிரித்தாரா சீறினாரா. ஓர் ஆட்சியின் அலுவலகத்தில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை இவ்வளவு அருகிலிருந்து சொல்லும் எழுத்து, அந்த நூற்றாண்டுத் தமிழில் எனக்குத் தெரிந்து வேறில்லை. பெரும்பகுதி சில்லறை விஷயம். அந்தச் சில்லறைக்குள்தான் நான் சொல்லும் மருந்து இருக்கிறது.

1746-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபோர்தொனே கடற்படையோடு போய்ச் சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பணம் வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். துய்ப்ளேக்ஸ் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் பகை மூண்டது. அக்டோபரில் அடித்த புயலில் லபோர்தொனேயின் கப்பல்கள் சிதைந்தன, அவர் கடற்கரையை விட்டே போனார். பிறகு பிரான்சில் பாஸ்தீய் சிறையில் கிடந்தபோது தன் தரப்பை எழுதினார். அது 1750-இல் அச்சேறியது. பதவி இழந்து பாரிசுக்குத் திரும்பிய துய்ப்ளேக்சும், கும்பினி தனக்குத் தர வேண்டிய பணத்துக்காக வழக்காடி, 1759-இல் ஒரு நீண்ட விண்ணப்பத்தை அச்சிட்டார். இரண்டும் தோற்றவர்களின் எழுத்து. இரண்டிலும் வழக்கின் தீர்ப்பை நோக்கியே ஒவ்வொரு வரியும் நகர்கிறது. பிள்ளையின் குறிப்பில் அதே சண்டை வேறு உருவத்தில் இருக்கிறது. கடிதம் வந்தது, கவர்னர் முகம் மாறியது, ஒரு வதந்தி கிளம்பியது, மறுநாள் அது பொய்யானது. யார் ஜெயிப்பார் என்று எழுதியவருக்கே தெரியாது. அந்தத் தெரியாமைதான் நம்பகத்தை உண்டாக்குகிறது.

பிள்ளை நடுநிலையானவர் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் வியாபாரி, சொந்தக் கப்பல் வைத்திருந்தவர், பதவிக்கு ஆசைப்பட்டவர். முந்தைய தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1746-இல் இறந்த பிறகு அந்த இடத்துக்கு யார் வருவார் என்ற கவலை பக்கம் பக்கமாக ஓடுகிறது. தன்னைப் பிறர் புகழ்ந்ததை அவர் விடாமல் எழுதி வைப்பார். துய்ப்ளேக்சின் மனைவி மேல் அவருக்குக் கசப்பு உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஆனால் பின்னாளில் எழுதும் சுயசரிதையின் சார்பு ஒரே சீராகப் பூசிய சுண்ணாம்பு மாதிரி; அடியில் என்ன செங்கல் இருக்கிறது என்று தெரியாது. அன்றாடக் குறிப்பின் சார்போ நாளுக்கு நாள் நிறம் மாறும். நேற்றுக் கொண்டாடிய ஆளை இன்று நோவார், நேற்று நம்பிய சேதியை இன்று மறுப்பார், நேற்றைய பக்கத்தைக் கிழித்தெறிய மாட்டார். அந்த முரண்களை அடுக்கிப் பார்த்தால், அவர் எங்கே தன்னை ஏமாற்றிக்கொண்டார் என்பது அவருக்கு எதிராகவே அவர் கையெழுத்தில் கிடைக்கிறது. தன்னைத் திருத்திக் காட்டாத எழுத்தின் நேர்மை அது.

இது ஒரு காலத்துக்கும் ஒரு நாட்டுக்கும் மட்டும் உரிய சங்கதி இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் மாளிகையில் ஆர்ச்சி பட் என்ற ராணுவ உதவியாளர் இருந்தார். முதலில் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கும், அடுத்து வந்த டாஃப்டுக்கும் பணிசெய்தார். அன்றன்றைய நடப்பையெல்லாம் தாய்க்கும், தாய் இறந்த பின் அண்ணன் மனைவிக்கும் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். ரூஸ்வெல்ட்டும் டாஃப்டும் உயிர் நண்பர்கள். அவர்களுடைய நட்பு கண்ணெதிரே விரிசல் விடுவதை, இருவர் மேலும் அன்பு வைத்திருந்த இந்த மனிதர் தவிப்போடு எழுதினார். அலுப்பு நீங்க ஐரோப்பா போய்வரும் வழியில், 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கினார். பிறகு கட்சி பிளந்து, அந்த நவம்பர் தேர்தலில் இருவருமே தோற்று, வில்சன் வென்றது அவருக்குத் தெரியாது. ரூஸ்வெல்ட்-டாஃப்ட் பகையைப் பற்றி எழுதியவர்கள் அநேகம் பேர். அவர்களில் பெரும்பாலோர் முறிவிலிருந்து தொடங்குகிறார்கள். பட்டின் கடிதங்களில் மட்டும், இந்த நட்பு பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு நட்பு முறிந்ததைப் புரிந்துகொள்ள அந்த நம்பிக்கையும் வேண்டும்.

இப்போதுதான் எல்லாமே கைப்பேசியில் பதிவாகிவிடுகிறதே, தனியாக எழுதுவானேன் என்பார்கள். வாட்ஸ்அப்பில் கிடப்பவை பெரும்பாலும் பிறரை இணங்க வைக்க அனுப்பியவை. சமாதானம், சாக்கு, வாழ்த்து. அன்றிரவு நமக்குள் ஓடிய சந்தேகம் அவற்றில் இருக்காது. எதை வைத்துக்கொள்வது என்று நாம் தேர்ந்ததும் இல்லை. குறிப்பு எழுதுகிறவர் ஒரு நாளிலிருந்து பத்து வரியைப் பொறுக்கி எடுக்கிறார்; அந்தப் பொறுக்கலே அவர் அன்று எதை முக்கியமாக நினைத்தார் என்பதற்குச் சாட்சி. வாழ்வதை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருப்பதா என்ற கேள்விக்குப் பிள்ளையின் வாழ்க்கையே பதில். கப்பல், கணக்கு, தர்பார், குடும்பம் என்று அவ்வளவு சுமைக்கு நடுவில்தான் எழுதினார்.

இன்னொரு மறுப்புதான் என்னை உண்மையிலேயே தயங்க வைக்கிறது. எழுதினால் நம் சிறுமையும் சேர்ந்து நிலைத்துவிடும். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாசியாக இருந்தும் பிள்ளையால் தடுக்க முடியவில்லை. அந்தத் துயரத்தை விரிவாக எழுதினார். அதன் பிறகும் அதே துரையிடம் பணியில் இருந்தார், அதையும் எழுதினார். சாதிச் சண்டைகளில் அவர் பார்வை அவர் காலத்துப் பார்வைதான்; படிக்கும்போது பல இடங்களில் மனம் சுருங்குகிறது. நினைவுக் குறிப்பாகப் பிற்காலத்தில் எழுதியிருந்தால், இவற்றில் பாதி வராமல் போயிருக்கும், மீதிக்கு நல்ல காரணங்கள் கிடைத்திருக்கும். அவர் நம் தீர்ப்பை எதிர்பார்த்து எழுதாததால்தான், பதவியில் இருப்பவரின் கையாலாகாத்தனம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிகிறது. அது வலிக்கிற அறிவுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இன்று புதுச்சேரியில் மூலக்குளத்திலிருந்து வில்லியனூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஒரே ஊருக்குள் போவதாகவே நினைக்கிறார்கள். பிள்ளை குறிப்பெழுதத் தொடங்கியபோது வில்லியனூர் கும்பினியின் கையில் இல்லை, 1749-இல்தான் வந்தது. இந்த எல்லை இப்படித்தான் ஆகும் என்று நமக்குத் தோன்றுகிறது, அவருக்கு அப்படித் தோன்றியிருக்க வழியே இல்லை. 1756-இல் பதவி போயிற்று, உடம்பும் கெட்டது, எழுத்து நிற்கவில்லை. 1760-இன் பிற்பகுதியில் ஆங்கிலேயர் மறுபடி ஊரைச் சூழ்ந்தார்கள், உள்ளே பட்டினி. 1761 ஜனவரி 12-இல் அவர் இறந்தார். 16-ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது. அதன் பிறகு கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அவர் எழுதிய பக்கங்களில் கோட்டை நிற்கிறது, கொடி பறக்கிறது, கப்பல் வருமா என்று எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.