யாருடைய முகம்?

பெலாரசின் அரசு நாள்காட்டியில் சுதந்திர நாள் ஜூலை 3. 1944-ல் நாஜிகளிடமிருந்து மின்ஸ்க் மீட்கப்பட்ட நாள் அது. எதிர்க்கட்சியினரும் புலம்பெயர்ந்தோரும் கொண்டாடுவதோ மார்ச் 25. 1918-ல் அன்றுதான் பெலாரஸ் மக்கள் குடியரசு விடுதலையை அறிவித்தது. செம்படை வந்ததும் அந்தக் குடியரசு போயிற்று. அதன் ‘ராடா’ அவை மட்டும் நாடு கடந்து இன்றும் இருக்கிறது.

வார்சாவிலும் வில்னியசிலும் மார்ச் 25 அன்று வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடியோடு ஊர்வலம் போகலாம். 1991 முதல் 1995 வரை அரசுக் கொடியாகவே பறந்தது அது. இப்போது மின்ஸ்கில் அதைப் பால்கனியில் தொங்கவிட்டால் போலீஸ் கதவைத் தட்டும். 2020-ல் அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு அந்த நிறத்தில் காலுறை போட்டவர்களுக்குக்கூட அபராதம் விழுந்தது. துணி காயப்போடுகிறவர்கூட எதன் பக்கத்தில் எது என்று பார்த்துக் கிளிப் மாட்ட வேண்டும்.

பத்திரமான ஊரில் இருந்துகொண்டு இந்த நாளைக் கொண்டாடுவது தகுமா? தகும். உள்ளே வாயை அடைத்தபின் வெளியே இருப்பவரும் அடங்கிவிட்டால் அடக்கியவருக்கு வேலை மிச்சம். வெளியே இருப்பவரும் எதையும் இழக்காதவரல்ல. 2023 ஆணைப்படி தூதரகங்கள் அவர்களுக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துத் தருவதில்லை.

சிக்கல் கேமராவில் இருக்கிறது. தன் முகத்தைக் காட்டுவது துணிச்சல். பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் அவர் முகத்தையும் சேர்த்துப் பகிர்வது ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதை. முகத்தைப் போலீஸ் அடையாளம் கண்டால் அந்த நெய்க்கு விலை கொடுப்பது மின்ஸ்கில் இருக்கும் யாரோ ஒருவரின் அம்மா. அதைவிட மோசம், “உள்ளே ஏன் ஒருவரும் தெருவுக்கு வரவில்லை?” என்று வெளியிலிருந்து கேட்பது. சிறைக்குப் போகச் சொல்லும் உரிமை யாருக்கும் யார்மீதும் இல்லை.

நாளைக் காக்கிறவர் அதன் கறையையும் சொல்ல வேண்டும். 1918 ஏப்ரலில் ராடா, ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்முக்கு நன்றித் தந்தி அனுப்பியது. அதனால் அதற்குள்ளேயே பிளவு வந்தது. நாஜி ஆக்கிரமிப்பில் ஒத்துழைத்தவர்களும் இதே கொடியைப் பிடித்தார்கள். ஆட்சியாளர் இதைச் சொல்லியே கொடியைத் தூற்றுகிறார்கள் என்பது, கொண்டாடுகிறவர்கள் அதை மறைக்கக் காரணமாகாது.

2018-ல் நூற்றாண்டுக்கு மட்டும் அரசு சற்று இறங்கிவந்து, மின்ஸ்க் ஓபரா அரங்கின் அருகே இசை நிகழ்ச்சிக்கு அனுமதி தந்தது. ஆயிரக்கணக்கானோர் அந்தக் கொடியோடு வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களை இன்று போனில் வைத்திருக்கவே பயம். மார்ச் வந்ததும் அவற்றை எடுத்துப் பகிரத் தோன்றும், வெளியே இருப்பவருக்கு. படத்தில் இருப்பவர் இன்னும் மின்ஸ்கில்தான் குடியிருக்கிறாரா என்று பார்த்தபின் பகிரலாம்.