பேரேட்டில் ஏறாத உழைப்பு

ஷா ஆலமில் கடை வைத்திருக்கும் நாம், கடைப்பையனுக்கு மாதந்தோறும் சொக்சோ கட்டத் தவறுவதில்லை, தவறினால் அபராதம். பஜ்ருக்கு முன்னெழுந்து, ஒன்றைப் பள்ளிக்கு அனுப்பி, ஒன்றைக் குளிப்பாட்டி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே நமக்குப் பசியாறலும் எடுத்து வைக்கிறாளே, அவளுக்கென்று எதை எழுதி வைத்தோம்?

2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. அது சம்பளக்காரிக்கு. வீட்டிலிருப்பவளுக்கோ நாற்பது கழியுமுன்பே அடுப்படி!

அன்பால் செய்வதற்குக் கணக்கு எதற்கு என்பர் சிலர். மணவிலக்கானவள் பிள்ளைக்குப் பாலூட்டினால் அவளுக்குக் கூலி கொடுக்கும்படி குர்ஆன் (65:6) பணிக்கிறது. கூலி வாங்கியதால் அவள் பாலில் அன்பு குறைந்து போயிற்றா? அன்பு வேறு, ஹக்கு வேறு. அன்பைக் காட்டி ஹக்கை மறைப்பது தராசில் விரல் வைப்பதற்கு ஒப்பாகும். வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகளுக்கும் சொக்சோவில் ஒரு திட்டம் உண்டு. 55 வயது ஆகாதவர்க்கு ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் உடல் முடங்குவதற்கும் காப்பு. மாதம் பத்து வெள்ளி, நமது ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு! கட்டாயமில்லை என்பதாலேயே பலர் கட்டுவதில்லை போலும். மனைவிக்காகக் கணவன் கட்டலாம். கடைப்பையன் சந்தா கட்டும் நாளில் இதையும் கட்டிவிட நமக்கு என்ன தடை?